சிங்க்கில் ஊற்றிய காப்பி

தம்பி,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். ஆறும் காப்பி மெஷின். ஒவ்வொன்றுக்கும் கீழே நட்சத்திரங்கள், வாங்கியவர்கள் எழுதிய புகழ்ச்சி. கடைசியில் உன் வரி: "பா, எங்க கல்யாண கிஃப்ட் இதுல ஒண்ணு. ஃபுல் ஆட்டோதான் வேணும். ஒரு பட்டன் போதும். தர்ஷினிக்கு காப்பி போட வராது. இதுல அவ ஸ்பாயில் பண்ண சான்ஸே இல்ல லா." பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. நான் பதில் போடவில்லை. மறுநாள் "பிஸியா பா?" என்று கேட்டாய். அலோர் காஜாவில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கிற கிழவனுக்கு என்ன பிஸி? மற்றவர் வீட்டில் கெட்டு ரோசாக் ஆன ரைஸ் குக்கர், பிளெண்டர், காப்பி மெஷின் என்று முப்பது வருடமாகத் திறந்து திறந்து பார்த்தவன் நான். காப்பி மெஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. உன்னைப் பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். காப்சூல் போட்டு அமுக்குகிற வகையை விட்டுவிடு. அது காப்பி பிடிக்காதவர்களுக்காகச் செய்தது. குப்பைத்தொட்டிதான் நிறையும். நீ அனுப்பியதில் மூன்று படங்களில் "பதினைந்து பார்", ஒன்றில் "இருபது பார்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல எஸ்பிரெசோவுக்கு ஒன்பது பார் அழுத்தம் போதும். மீதியெல்லாம் உன்னைப் போலப் பெரிய எண்ணைப் பார்த்ததும் வாய் பிளக்கிறவர்களுக்காக அச்சடித்தது. மெஷினைவிட கிரைண்டர்தான் முக்கியம். கொட்டை சீராக அரைபடவில்லை என்றால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடும், ஒரே கப்பில் கசப்பும் இருக்கும் புளிப்பும் இருக்கும். இதையெல்லாம் நீயே தேடிப் படித்திருப்பாய். படிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஃபுல் ஆட்டோவில் காப்பி ஊற்றுவதற்குத்தான் ஒரு பட்டன். தண்ணீர்த் தொட்டியை நிரப்ப, சக்கையைக் கொட்ட, சொட்டுத் தட்டைக் கழுவ, உள்ளே இருக்கிற பாகத்தை வாரம் ஒருமுறை கழற்றி அலச, பால் போகிற குழாயைத் தினமும் சுத்தம் பண்ண, இதற்கெல்லாம் பட்டன் கிடையாது. ஆள்தான் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை நீ முடிவு செய்துவிட்டாய் என்று உன் செய்தியிலேயே தெரிகிறது. பட்டனை அமுக்குவது நீ. தட்டைக் கழுவுவது அவள். தட்டு கழுவாமல் காப்பியில் வாடை வந்தால், அவள் ஸ்பாயில் பண்ணிவிட்டாள் என்று எனக்கு மெசேஜ் போடுவதும் நீ.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீ என் மகன். இதற்கு வேறு ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

நம் வீட்டுக் காப்பியை எடுத்துக்கொள். எஸ்பிரெசோவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உள்ளூர்க் காப்பித்தூள், துணி வடிகட்டி, டின்பால். கல்யாணமானதிலிருந்து காலை ஆறரைக்கு அது என் முன்னால் வரும். நான் ஒரு வாய் குடிப்பேன். உன் அம்மா போகாமல் நிற்பாள், அடுப்படித் துணி கையிலேயே இருக்கும். நன்றாக இருந்தால் "போலே லா" என்பேன். மலாய்க்காரர் வாயில் அது நல்ல சொல், "சரி, ஆகட்டும்" என்று அர்த்தம். பாசாரில் மீன் விற்கிறவர் பேரம் படிந்ததும் சிரித்துக்கொண்டே சொல்வார். என் வாயில் அதற்கு "இன்றைக்குத் தப்பித்தாய், போ" என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடத்தில் அதற்கு மேல் ஒரு சொல் நான் சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றால் ஒன்றுமே சொல்ல மாட்டேன். எழுந்து போய் சிங்க்கில் ஊற்றுவேன். மெதுவாக ஊற்றுவேன். கப்பை அங்கேயே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். அதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். காலையில் ஒருத்தியின் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டுப் போனால், அன்று கடையில் எந்த வாடிக்கையாளர் குரைத்தாலும் தாங்கிக்கொள்ள முடிந்தது. நான் அடித்ததில்லை, திட்டியதில்லை, தண்ணி போட்டதில்லை. அதனால் தங்கமான புருஷன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன். மாதத்தில் பாதி நாள் அப்படி ஊற்றியிருப்பேன் என்றுதான் முதலில் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பாதி இல்லீங்க. வாரத்துல அஞ்சு நாளு. எழுதறதுதான் எழுதறீங்க, சரியா எழுதுங்க," என்றாள். வாரத்தில் ஐந்து நாள்.

உனக்கு ஏழு வயது இருக்கும். அம்மா சூடாகச் சாக்லேட் பால் கலக்கிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு நாற்காலியை சிங்க் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், அதன்மேல் ஏறி நின்று, கப்பைக் கவிழ்த்தாய். மெதுவாக. என் வேகம்கூட மாறவில்லை. ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? குறைந்தபட்சம் அந்தக் கப்பை உன் கையாலேயே கழுவ வைத்திருக்க வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம பையன் டேஸ்ட் பாக்குறான், அப்பனுக்கு மேல லா," என்று பெருமையடித்தேன். அம்மா நாற்காலியைத் திரும்ப மேசைக்கடியில் தள்ளிவிட்டு உனக்கு வேறு பால் கலக்கினாள். அதையும் நீ முழுதாகக் குடிக்கவில்லை.

இப்போது உன் ஃபுல் ஆட்டோவுக்கு வருகிறேன். மஸ்ஜித் தானாவில் ஒரு கிளார்க் இருந்தார், நம்மவர்தான். அந்த ஊரில் நம் ஆட்கள் குறைவு, அதனால் எதற்கெடுத்தாலும் காரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். கொட்டையைப் போட்டால் தானே அரைத்துத் தானே ஊற்றுகிற மெஷின் ஒன்று வைத்திருந்தார், நீ படம் அனுப்பிய அதே மாதிரி. ஒரு நாள் அதை மனைவியின் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணே, இவதான் ரோசாக் பண்ணிட்டா. எந்த பட்டன அமுக்குனான்னு நீங்களே கேளுங்க, வாயத் தொறக்க மாட்டேங்கறா," என்றார். திறந்து பார்த்தேன். கிரைண்டர் பற்களில் தார் மாதிரி கறுப்பாக அப்பிக்கிடந்தது. முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, நம் உள்ளூர்க் காப்பிக்கொட்டை. சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்களே, அது. துணியில் வடிகட்டிக் குடிக்க அதுதான் ருசி. ஆனால் இந்த மெஷினுக்கு அது விஷம், சீனி பற்களில் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். இந்தத் தவற்றை நம் ஊர்க்காரன்தான் செய்வான். மெஷினைச் செய்த வெள்ளைக்காரனுக்கு இப்படி ஒரு கொட்டை இருப்பதே தெரியாது. "இந்தக் கொட்டைய யாரு போட்டது?" என்று கேட்டேன். கிளார்க்கின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே, "அவருதாண்ணே. மெஷின் காப்பி தண்ணியா இருக்கு, நல்லா காவ்-ஆ, திக்கா வேணும்னாரு," என்றார். கிளார்க்கின் முகம் சிவந்துவிட்டது. உண்மை என் கையில் இருந்தது, பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும். நான் சொன்ன வரி இது: "பொம்பளைங்க கைக்கு ஆட்டோ மெஷின் ஒத்து வராது சார்." கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்தார். வாடிக்கை போகாமல் தங்கியது.

ஒரு வருடம் கழித்து அவர் மனைவி மட்டும் வந்தார், பஸ் பிடித்து, அந்த மெஷினை ஓர் அரிசிப் பையில் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு. அதன் கனம் எனக்குத் தெரியும். மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "அண்ணே, மறுபடி நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ண வேணாம். இனிமே முடியாதுன்னு ஒரு வார்த்த அவர்கிட்ட சொல்லிடுங்க, அது போதும்," என்றார். ஏன் என்று கேட்டேன். "தெனமும் காலையில இதுக்கு முன்னால நின்னு பதில் சொல்ல முடியலண்ணே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கேட்டது ஒரு சின்னப் பொய். எனக்கு எந்த நட்டமும் இல்லாத பொய். எனக்கோ அது பெரிய வேடிக்கையாகப் பட்டது. ஒரு சின்ன அடைப்புதான், அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். பிறகு அவர் கண் முன்னாலேயே கிளார்க்குக்குப் போன் போட்டு, "சார், உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க தெரியுமா," என்று சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி மெஷினைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கிளார்க் வந்தார், ஃபேன் வாங்கினார், பல்பு வாங்கினார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

மெஷின் வந்துவிட்டால் குற்றம் சொல்ல இடமிருக்காது என்று நீ நினைக்கிறாய், அல்லது நினைப்பதாக நடிக்கிறாய். குற்றம் கண்டுபிடிக்கவென்றே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மெஷின் இன்னும் நான்கு புதுக் காரணங்களை எடுத்துக் கொடுக்கும். நான் மற்றவர்களைச் சொல்லவில்லை. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனாலும் முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கப் போவது நீ மட்டும் இல்லை.

எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் கொரோனா எம்சிஓ காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு அவள் காப்பி தாறுமாறாகிவிட்டது. ஒரு நாள் தூள் பழசாகி ஊசிப்போயிருக்கும். ஒரு நாள் டின்பால் கெட்டிருக்கும். வயசாக வயசாக அலட்சியம் வந்துவிட்டது, வாயில் வைத்துப் பார்க்காமலே கொடுக்கிறாள் என்று முடிவுகட்டினேன். ஊற்றுவது அதிகமானது. தீபாவளிக்கு மறுநாள் காலை, "ஒரு பாடம் சொல்லித் தர்றேன் பாரு," என்று உன் காதில் சொன்னேன். அவள் தனக்கென்று கலந்து வைத்திருந்த கப்பில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். நீ தடுக்கவில்லை. கண்ணடித்தாய். அவள் முகம் போகிற போக்கைப் படமெடுக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்தாய். எடுத்தாயா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். முறுக்கை அதில் நனைத்துத் தின்றாள். கப் காலியானது. பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு ஒங்க காப்பி சரியா இருந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

நீதான் முதலில் சிரித்தாய். "மா, ஒங்க நாக்கு செத்துப்போச்சா? ரெண்டு கரண்டி உப்பு மா!" என்றாய். அவள் காலிக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமா பா. அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. நாலு வருசமாச்சு," என்றாள். அத்தனை காலமும் கரண்டியை எண்ணிப் போட்டு, கலரைப் பார்த்து, கண்ணால் காப்பி போட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். "சொன்னா மட்டும் ஊத்தாம இருந்திருப்பீங்களா?" என்றாள். நீ அதற்கும் சிரித்தாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு உப்பு உடம்புக்குள் போனால் பிரஷர் ஏறும், பார்த்துக் குடிக்கக் கூடாதா என்று அவளுக்குத்தான் புத்தி சொன்னேன். மறுநாள் காப்பி தண்ணியாக இருந்தது. ருசி தெரியாதவள் போட்ட காப்பி என்று தெரிந்தும் எழுந்து போய் ஊற்றினேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். மலாக்காவில் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண், வந்த இடத்திலும் உட்காரவில்லை. "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க, இன்னிக்கு நான் போடறேன்," என்று அடுப்படிக்குப் போனாள். துணி வடிகட்டியை அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கையைச் சுட்டுக்கொண்டாள், யாரிடமும் சொல்லாமல் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டாள். நான்கு கப் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்தேன். அம்மா குடித்துவிட்டுத் தன் கப்போடு அலமாரியில் பலகாரம் எடுக்கப் போனாள். நீ ஒரு வாய் குடித்தாய். தர்ஷினி போகாமல் நின்றுகொண்டிருந்தாள், அடுப்படித் துணி கையிலேயே இருந்தது. "போலே லா," என்றாய். என் குரல் அது. என் இழுப்பு. கேஎல் பட்டணத்தில் ஏழு வருடம் இருந்து, கோண்டோ வீடு எடுத்து, பெரிய பெரிய ஆட்களோடு மீட்டிங் பேசி, கடைசியில் நீ திரும்பக் கொண்டுவந்தது என் குரலைத்தான். சொல்லிவிட்டு எழுந்து போய் மீதியை சிங்க்கில் ஊற்றினாய். நான் எவ்வளவு கேவலமானவனாக இருந்தாலும், "போலே லா" என்று சொல்லிவிட்ட காப்பியை ஊற்றியதில்லை. நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய். தர்ஷினி சிரித்தாள். அது சிரிப்பு இல்லை, அதை நான் முப்பத்தைந்து வருடம் பார்த்திருக்கிறேன். "நெக்ஸ்ட் டைம் நல்லா போடறேன்," என்றாள். உனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

நீங்கள் காரில் ஏறிப் போனபிறகு அம்மா நான்கு கப்பையும் கழுவினாள். கழுவிக்கொண்டே பேசினாள். "நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தேன். ஊத்துற சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் ஊத்துறீங்கன்னு நெனச்சேன். அடுத்த வீட்டுப் பொண்ணு முன்னாலகூட இப்படிப் பண்றாரேன்னு திரும்பிப் பாத்தா, அவன்." இன்னொரு கப்பை எடுத்துக் குழாயில் காட்டினாள். "மூக்கு போச்சு, நாக்கு போச்சு. காது இன்னும் போகலங்க. ரெண்டும் ஒரே சத்தம்." பிறகு, "அவன நான் சரியா வளக்கல," என்றாள். ஊற்றியது நான். கற்றது நீ. குற்றத்தை எடுத்துக்கொண்டது அவள்.

மறுநாள் காலை நான் எழுந்து காப்பி போட்டேன். ஹோட்டல் மெஷினையெல்லாம் பிரித்துப் போட்டு மாட்டியவன், என் வீட்டுத் துணி வடிகட்டியைப் பிடிக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டேன். கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் போக முடியவில்லை தம்பி. என்ன சொல்வாளோ என்று அங்கேயே நின்றேன். அவள் ஒரு வாய் குடித்தாள். எழுந்தாள். சிங்க்குக்குப் போய் முழுதையும் ஊற்றினாள், மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும். "அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்? எனக்குத்தான் ருசி தெரியாதே," என்றாள். "சும்மா ஊத்திப் பாத்தேன். இத்தன வருசமா ஊத்துனீங்களே, அதுல அப்படி என்னதான் சுகம் இருக்குன்னு. ஒண்ணும் இல்லீங்களே." கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து நான்தான் போடுகிறேன். திருந்திவிட்டேன் என்று உன்னிடம் கதை விட மாட்டேன். இரண்டு மாதக் காப்பி முப்பத்தைந்து வருடத்தைக் கழுவிவிடாது. இன்னும் சில காலைகளில், நான் போட்டதை அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வைத்தால் எனக்கு உள்ளே புகைகிறது. சில நாள் "போலே லா" என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஆகவே, மெஷின். நீ கேட்ட ஆறில் ஒன்றையும் நான் வாங்கவில்லை. வேறு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கைப்பிடி, ஓர் ஆவிக்குழாய், உள்ளே ஒரு பாய்லர், அவ்வளவுதான். கூடவே கையால் சுற்றுகிற கிரைண்டர். எழுந்ததும் மெஷினைப் போட்டுவிட்டு அது நன்றாகச் சூடாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். கொட்டையை நீ நிறுக்க வேண்டும், நீ சுற்ற வேண்டும், கைப்பிடியில் போட்டு நீ அமுக்க வேண்டும். முதல் ஒரு மாதத்துக்கு நீ போடுகிற எதுவும் வாயில் வைக்க முடியாது. புளித்தால் இன்னும் நைசாக அரை. கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக அரை. பாலை நுரைத்த கையோடு ஆவிக்குழாயைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் உள்ளேயே பால் அழுகும். கைப்பிடி மாட்டுகிற இடத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தை வருடத்துக்கு ஒரு தடவை மாற்று. உள்ளூர்க் கொட்டையைக் கிரைண்டரில் போடாதே. முதல் கப்பை அவளுக்குக் கொடு. கொடுத்துவிட்டு ஃபோனை நோண்டப் போகாமல் அவள் எதிரிலேயே நில், அவள் முகத்தைப் பார். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவள் ஊற்றட்டும். கப்பை நீ கழுவு. இந்த மெஷினை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இதில் காப்பி கெட்டால் போட்டவனைத் தவிர வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

உறையை ஏன் ஒட்டவில்லை என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தையும் மெஷின் பெட்டியையும் நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. நாளைக் காலை நானும் அம்மாவும் மலாக்காவுக்குப் போய் இரண்டையும் தர்ஷினி கையில் கொடுக்கப் போகிறோம். முதலில் அவள் படிக்கட்டும். கார்டு அச்சடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, சொந்தக்காரன் முகத்தில் எப்படி முழிப்பது என்று நீ குதிப்பாய். குதி. மஸ்ஜித் தானாவிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒரு வார்த்தை, ரிப்பேர் பண்ண முடியாது என்று. நான் சொல்ல மறுத்தேன். தர்ஷினி கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் இந்தக் கோளாறு அப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது, சரியாகும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. தெரிந்துகொண்டு எடுப்பதாக இருந்தால் எடுக்கட்டும். அம்மா அவளுக்குச் சொல்ல ஒரு வரிதான் வைத்திருக்கிறாள்: "எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல மா. அதான் சொல்ல வந்தேன்."

உன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இதை எழுதவில்லை. ஆனால் பாசத்துக்காக இன்னொரு பெண்ணைப் பலி கொடுக்க என்னால் முடியாது. ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்து நான் பழகிவிட்டேன், நீயும் இன்னொருத்தியின் வாழ்க்கையைக் கெடுத்துப் பழக வேண்டாம். தர்ஷினியிடம் நாங்கள் கேட்கப் போவது இவ்வளவுதான். உன்னோடு வாழலாம் என்று அவளுக்குத் தோன்றினால், கடிதத்தையும் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்து உன்னிடம் கொடுக்க வேண்டும். தோன்றாவிட்டால் கடிதம் மட்டும் உனக்கு வந்து சேரும். மெஷினை அவளே வைத்துக்கொள்ளலாம், அவளுக்கும் காப்பி பிடிக்கும்.

படித்து முடித்துவிட்டாய் அல்லவா? இப்போது தலையைத் தூக்கிப் பார். பக்கத்தில் பெட்டி இருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து மெஷினில் ஊற்று. இல்லையென்றால் அவளுக்குப் போன் அடிக்காதே.

அப்பா